ஓட்டை எடுத்துட்டு ஷீட் போடப் போறீங்களா? முதல்ல ரீப்பரைப் பாருங்க!

கோடை வந்தால் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கம் பகல் முழுக்க வெயில் கொளுத்தும். சாயங்காலம் திடீர்னு சூறைக்காற்றோடு மழை. மறுநாள் செய்தியில் 'வீட்டின் மேற்கூரை பறந்தது' என்று வரும். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டை மட்டும் இறக்கிவிட்டு, அதே ரீப்பர் கட்டையில் தகர ஷீட் அடித்தால் அந்த ஆபத்து நம் வீட்டுக்கும் வரலாம்.

'இத்தனை வருஷம் ஓட்டையே தாங்கின மரம், லேசான ஷீட்டைத் தாங்காதா?' என்று கேட்பீர்கள். தாங்கும். ஆனால் கேள்வி அது இல்லை.

சீமை ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ இருக்கும். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு என்றால், ஏறக்குறைய 350 கிலோ. அந்த எடைதான் கூரையைக் காற்றில் அசையாமல் அமுக்கிப் பிடிக்கிறது. அதே இடத்துக்கு அரை மில்லிமீட்டர் தகர ஷீட் சுமார் 50 கிலோதான். காற்று மேலே தூக்கும்போது ஷீட்டைப் பிடித்துவைப்பது ஸ்க்ரூ மட்டுமே. ஸ்க்ரூ பிடிக்க உள்ளே நல்ல மரம் வேணுமே! உளுத்த கட்டை, ஓட்டைச் சுமந்தபடி பல வருஷம் ஓட்டிவிடும். ஸ்க்ரூவை ஒரு காற்றுக்குக்கூடப் பிடிக்காது.

எப்படிச் சோதிப்பது?

முகட்டிலும் தாழ்வாரத்திலும் ஓரிரு வரிசை ஓட்டை எடுங்க. ஸ்க்ரூ டிரைவரால் கட்டையைக் குத்திப் பாருங்க. சிரமமில்லாமல் இறங்கினால் அந்தக் கட்டை போச்சு. கைமரம் சுவருக்குள் நுழையும் முனையைக் கட்டாயம் பாருங்க. ஈரமும் கரையானும் சேரும் இடம் அதுதான். பனங்கை மேலே பார்க்க வயிரம் பாய்ந்த மாதிரி இருக்கும், தட்டினால் 'டொக்கு'ன்னு சத்தம் வரும். அப்படி வந்தால் ஆசாரியைக் கூப்பிடாமல் முடிவெடுக்காதீங்க.

ரீப்பர் மட்டும் கெட்டிருந்தால் அதை மாற்றி, உடையாத ஓட்டையே திரும்ப அடுக்கலாம். சேலத்து வெயிலுக்கு இதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. ஷீட் வீட்டில் மே மாசம் மத்தியானம் படுத்தவர்களுக்குத் தெரியும்! கைமரமும் போயிருந்தால் மொத்தமாக இறக்குவதைத் தவிர வழியில்லை.

ஷீட்தான் என்றால், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ போடுங்க. ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாகப் போடணும், காற்று அதிகம் தூக்குவது அங்கேதான்.

ஓட்டுக்கு மேலேயே இரும்புக் குழாய் சட்டம் கட்டி ஷீட் போடுபவர்களும் உண்டு. ஓட்டில் வெயில் படாது, உள்ளே சூடு குறையும். ஆனால் அந்தக் கால்கள் தரையில் தனி அஸ்திவாரத்தில் நிற்கணும், பழைய மண் சுவரில் அல்ல.

பழசு ஆஸ்பெஸ்டாஸ் என்றால்?

எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆபத்து அதன் தூசியில். கிரைண்டர் போட்டு அறுக்காதீங்க. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கணும். பழைய ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார். பலகை போட்டுத்தான் ஏறணும்.

அரசு உதவி உண்டா?

உங்களுடையது 2000-01க்கு முன் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடா? பழுதான அத்தகைய வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகள் கட்ட, 2025-26 தமிழக பட்ஜெட்டில் 600 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. இது ஊரகப் பகுதிக்கான திட்டம். அயோத்தியாப்பட்டணம் பேரூராட்சி என்பதால் சுற்றியுள்ள கிராம ஊராட்சிக்காரர்கள்தான் ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கணும். கூரையில் கை வைக்கும் முன்பே போய்க் கேட்டுவிடுங்க.