கிராபிக்ஸ் கார்டுப் பொருத்தத்தின் சரித்திரம்

மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து பழைய கிராபிக்ஸ் கார்டை அகற்றிவிட்டுப் புதியதொன்றை அமர்த்த விரும்புகிறவர், அது தம் யந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேட்கும் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதை அறிந்தவருக்கே இன்று எதைச் சோதிக்க வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது தெளிவாக விளங்கும் என்பது என் துணிபு.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் ஸ்தாபனம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் 62 தொடுமுனைகள் கொண்ட ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. அவற்றின் அமைப்பை அந்த ஸ்தாபனம் மறைக்காமல் நூலாகவே வெளியிட்டதால், அதற்கேற்ற கார்டுகளைப் பிறரும் செய்து விற்க வழி பிறந்தது. எழுத்துகளை மட்டும் காட்டும் எம்டிஏ, வர்ணச் சித்திரங்களையும் காட்டும் சிஜிஏ என்னும் இரு கார்டுகள் அன்று கிடைத்தன. இரண்டும் ஒரேவித ஸ்லாட்டில் அமர்ந்தன. இரண்டின் பின்புறத்திலும் மானிட்டருக்கென ஒன்பது முனைகள் கொண்ட, ஒரே வடிவமான இணைப்பே இருந்தது. ஆயினும் எம்டிஏவுக்கென்று செய்த மானிட்டரைச் சிஜிஏ கார்டில் செருகினால், இரண்டின் அதிர்வெண்களும் ஒவ்வாமையால் மானிட்டரே பழுதாகும் அபாயம் இருந்தது. உருவத்தால் பொருந்துவது வேறு, குணத்தால் பொருந்துவது வேறு என்பது இத்துறையின் முதலாண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1984-இல் ஏடி என்னும் அடுத்த யந்திரத்தைச் செய்தபோது, பழைய 62 முனைகளை அப்படியே விட்டு, அதே நேர்கோட்டில் மேலும் 36 முனைகளைச் சேர்த்தார்கள். ஆகையால் முன்பு வாங்கிய கார்டுகள் பெரும்பாலும் வீணாகவில்லை. ஆனால் 1987-இல் பிஎஸ்/2 வரிசையுடன் வந்த மைக்ரோ சேனல் என்னும் ஸ்லாட்டு, வேகத்தாலும் ஒழுங்காலும் உயர்ந்ததாயினும், பழைய கார்டுகளுக்கு இடமே கொடாமலும், அதைப் பயன்படுத்த விரும்பிய பிற உற்பத்தியாளர்களிடம் உரிமைத் தொகை கேட்டும் தன்னைத் தானே தனிமைப்படுத்திக்கொண்டது. காம்பாக் தலைமையில் ஒன்பது ஸ்தாபனங்கள் 1988-இல் ஒன்றுகூடி, ஈசா என்னும் மாற்று அமைப்பை அறிவித்தன. அதன் பள்ளத்தில் தொடுமுனைகள் இரண்டு அடுக்குகளாக அமைந்திருந்தன; பழைய கார்டு மேலடுக்கோடு நின்றுவிடும், புதிய கார்டு கீழடுக்கு வரை இறங்கும். இதைவிடச் சாதுரியமான ஏற்பாட்டை இந்தச் சரித்திரத்தில் நான் காணவில்லை. வாங்கியவரின் பழைய முதலை மதித்த ஏற்பாடு இது. மைக்ரோ சேனலோ சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

1992-இல் வந்த வீசா லோக்கல் பஸ் என்னும் ஸ்லாட்டு 486 பிராசஸரோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் அதனோடே மறைந்தது. அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட பிசிஐ நிலைத்தது. கார்டு தன்னை இன்னதென்று யந்திரத்துக்குத் தானே அறிவித்துக்கொள்ளும் முறை அதில் இருந்தமையால், ஜம்பர்கள் என்னும் சிறு இணைப்பிகளைக் கையால் மாற்றி மாற்றிப் பார்க்கும் சிரமம் தீர்ந்தது.

கிராபிக்ஸுக்கென்றே பிறந்த ஏஜிபி, 1997-இல் மதர்போர்டுகளில் இடம்பெற்றது. முதலில் 3.3 வோல்ட்டிலும், பின்னர் 1.5 வோல்ட்டிலும் அது இயங்கிற்று. தவறான கார்டு உள்ளே நுழையாதிருக்க ஸ்லாட்டின் குறுக்கே ஒரு தடுப்பும், கார்டில் அதற்கேற்ற வெட்டும் விதிக்கப்பட்டன. காவல் நல்லதே, ஆனால் சில கார்டுகளில், உண்மையான வோல்ட்டேஜுக்கு ஒவ்வாத வெட்டும் சேர்ந்திருந்தது. இன்டெல் 845 சிப்செட் போன்று 1.5 வோல்ட்டை மட்டுமே ஏற்கும் போர்டுகளில் அத்தகைய கார்டு தடையின்றி இறங்கி, போர்டையே பாழாக்கிவிடக்கூடும். விதியை வகுத்தவர்கள் காத்த எச்சரிக்கையைச் செய்து விற்றவர்கள் காக்கத் தவறியதன் பலனை, ஒரு பாவமும் அறியாது வாங்கியவர் அனுபவித்தார் என்பது வருந்தத்தக்கது.

2004-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஏஜிபியை அகற்றத் தொடங்கியது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்லாட்டின் வடிவம் மாறவேயில்லை. புதிய தலைமுறைக் கார்டைப் பழைய ஸ்லாட்டில் அமர்த்தினாலும், அந்த ஸ்லாட்டின் குறைந்த வேகத்துக்குத் தன்னை இசைத்துக்கொண்டு பெரும்பாலும் அது இயங்கும். ஆகவே பொருத்தம் என்னும் கேள்வி ஸ்லாட்டை விட்டு வேறிடங்களுக்குப் பெயர்ந்தது. அந்த ஸ்லாட்டு தரும் மின்சக்தி 75 வாட் மாத்திரமே. மிகுதியைப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் மூலமே பெற வேண்டும். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தருமென்பது விதி. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090, என்விடியாவே செய்த வடிவில், 450 வாட் சக்தியும், 304 மில்லிமீட்டர் நீளமும், மூன்று ஸ்லாட்டுகளின் அகலமும் வேண்டிற்று.

ஆதலால், கடைக்குச் செல்லுமுன் உங்கள் கேபினெட்டைத் திறந்து, கார்டு அமரும் இடத்தின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, அதன் வாட் அளவையும், கார்டு கேட்கும் இணைப்புகள் அதிலிருந்து வருகின்றனவா என்பதையும் பாருங்கள். மதர்போர்டு மிகப் பழையதாயின், பயாஸ் அந்தக் கார்டை ஏற்குமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் தேடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.