துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு ஏன் இல்லை?



அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விதமான பின்னூட்டங்களைப் பார்க்கிறேன். "நல்லவேளை, நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை" என்பது ஒன்று. "வெள்ளைக்காரன் நம் கையிலிருந்த ஆயுதத்தைப் பிடுங்கினான், சுதந்திரம் வந்தும் நம்மவர்கள் திருப்பித் தரவில்லை" என்பது இன்னொன்று. இரண்டாவதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பிடுங்கியது உண்மை. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பர் 1-ஆம் தேதியே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசிப் போர் கிளைவின் மகன்தான்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் சீமையில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. வேல், வளரி, துப்பாக்கி எல்லாம் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை, தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதி வைத்தார்.

பிறகு 1878. வைஸ்ராய் லிட்டன் காலம். நம் மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டமும், ஆயுதச் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. துப்பாக்கி வைக்க இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் வேண்டாம். இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? யாருடைய பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் என்று பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். குடகு மக்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது, 2029 வரை.

எங்கள் குயிலாப்பாளையத்துக்காரர்களுக்கு இந்தச் சட்டத்தின் எல்லை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று இந்த ஊர் தென்னார்க்காடு மாவட்டம், பிரிட்டிஷ் சீமை. தெற்கே சில மைல் போனால் பிரெஞ்சு ராஜ்யம். லிட்டனின் சட்டம் அங்கே செல்லாது. வ.வே.சு. ஐயர் 1910-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதனுக்கு அவர் கரடிக்குப்பத்தில் சுடப் பயிற்சி கொடுத்ததாகச் சொல்வார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அதே நிலையத்தில் வாஞ்சியும் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். 33 வருடம் அமலில் இருந்த சட்டத்தால் ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கியைத் தடுக்க முடியவில்லை.

காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தது. 1887 டிசம்பரில் நம் சென்னையில் நடந்த மூன்றாவது மாநாட்டிலேயே, சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டார்கள். காந்தியடிகள்கூட 1918-ல் ஆங்கில ஆட்சியின் கறுப்புச் செயல்களில் இதை முதலிடத்தில் வைத்து எழுதினார். துப்பாக்கி ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இடம் இது. ஆனால் அது பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க அவர் எழுதிய துண்டறிக்கை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1931 கராச்சி மாநாட்டில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்றே அடிப்படை உரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இதுவரை இளைஞர்கள் சொல்வது சரி. இனிமேல்தான் விஷயம்.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கராச்சியில் சொன்னதை அரசியல் சட்டத்தில் எழுதுங்கள் என்றார். நியாயமான கேள்விதான். அம்பேத்கர் எழுந்து மறுத்தார். இப்படி எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவைத்தால் திருடனும் குற்றவாளியும்கூட அதைக் கேட்பான் என்றார்; நாட்டுக்கு நெருக்கடி வந்தால் ஆயுதம் ஏந்துவது கடமை, அதைத்தான் வலியுறுத்த வேண்டும் என்றார். திருத்தம் தோற்றது. 19-ஆம் பிரிவில் அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை நின்றது.

ஆகவே, நம்மவர்கள் திருப்பித் தர மறந்துவிடவில்லை. சபையில் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1878-ல் பயந்தவன் அந்நிய அரசன். 1948-ல் யோசித்தவர்கள் நம் பிரதிநிதிகள். பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத நேரம் அது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் தற்காப்பு? அந்த உரிமை நமக்கு உண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. தாக்க வருபவனைத் தடுக்கலாம். துப்பாக்கிதான் உரிமை இல்லை, அனுமதி. 1959 ஆயுதச் சட்டப்படி மனு போட வேண்டும், போலீஸ் அறிக்கை வர வேண்டும், மாவட்டத்தில் கலெக்டர் முடிவு செய்வார். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். அதையும் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

இந்த முறையில் குறை இல்லையா? இருக்கிறது. மனு எழுதத் தெரிந்தவனுக்கும் செல்வாக்கு உள்ளவனுக்கும்தான் லைசென்ஸ் கிடைக்கும். ஏழைக்கு உண்மையிலேயே உயிர்பயம் இருந்தாலும் அவன் கலெக்டர் ஆபீஸ் படி ஏறுவது சுலபமில்லை. இதற்காகவே, எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஏழையும் சமமாகிவிடுவான் என்று சிலர் வாதாடுகிறார்கள்.

துப்பாக்கிக்கு விலை உண்டு, தோட்டாவுக்கு விலை உண்டு. 2013 ஏப்ரல் 25-ஐ இந்தக் கடற்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மரக்காணத்தில் குடிசைகள் எரிந்தன, உயிரும் போனது. அன்று கையில் இருந்தவை கல், கட்டை, தீ. சட்டம் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால், அன்று எந்தத் தெருவில் எத்தனை இருந்திருக்கும், உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் எத்தனை இருந்திருக்கும்? துப்பாக்கி உரிமை கேட்கும் தம்பிகள் பின்னூட்டத்தில் இதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.