வீழ்ந்த விமானங்களும் மறைந்த வீரர்களும்

இரண்டாம் மகாயுத்தம் ஐரோப்பாவிலும் பசிபிக் சமுத்திரத்திலும் நிகழ்ந்த யுத்தம் என்றே எம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். எமது இலங்கையின் வானத்திலும் அது நிகழ்ந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, கிறித்தவர்களின் உயிர்த்த ஞாயிறு நாளிலே, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. தலைநகரில் இருந்தோர் ஆயிரக்கணக்கில் ஊர்களுக்கு ஓடினர். தென்னிலங்கையிற் கடை நடாத்திய எமது தீவுப்பகுதி வர்த்தகர் பலரும் அவ்வாறே பெட்டி படுக்கையுடன் வந்து சேர்ந்ததாக முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பலாலி விமான நிலையமும் அந்த யுத்தத்தின் தேவைக்காகப் பிரித்தானிய வான்படை அமைத்ததேயாகும்.

தாக்குதலுக்கு முன்னாள், ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து ஒரு கற்றலினா நீர்விமானம் தென்கடலை நோக்கிப் புறப்பட்டது. அதனைச் செலுத்தியவர் லெனாட் பேர்ச்சல் என்னும் கனேடியர். யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்ட அவர், கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பத் தொடங்கினார். அச்செய்தி முற்றுமுன்னரே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். பேர்ச்சல் யுத்தம் முடியும்வரை யப்பானியச் சிறைமுகாம்களில் உழன்று, பின் 2004ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். “இலங்கையின் இரட்சகர்” என்று உலகம் அவரைப் போற்றியது. அவரோடு பறந்து மடிந்த மூவரின் பெயர்களை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஏப்ரல் 9ஆந் திகதி திருக்கோணமலை தாக்கப்பட்டது. சீனன்குடாவில் இருந்த எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றின்மேல் ஒரு யப்பானிய விமானம் வீழ்ந்து எரிந்தது. உருகி வளைந்த அத்தாங்கியின் இரும்பு இன்றும் அவ்விடத்தில் நிற்கின்றது. அதே நாளில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து (அந்நாளில் அதுவே ஓர் இரகசிய விமானத் தளம்) எழுந்த பிளென்கைம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது, எதிரிக் கடற்படையைத் தேடிக் கண்டு தாக்கின. அவற்றுள் ஐந்து திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் மூவர் இருந்தனர். மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் தாழ்ந்தது. தன் விமானங்களைத் திருக்கோணமலையில் விட்டுவிட்டு வந்த கப்பல் அது. வானத்திற் காப்பாரின்றி நின்ற அக்கப்பலோடு 307 பேர் மாண்டனர்.

உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை உண்டு. திருக்கோணமலையில் நிலாவெளி வீதியோரத்தில் உள்ள யுத்த மயானத்தில் வரிசை வரிசையாக நிற்கும் வெண்கற்களைக் காணலாம். உடல் கிடையாத வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரிலே கிராஞ்சி நினைவுச் சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கே 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள. பெயர் இருக்கின்றது, எங்கே வீழ்ந்தான் என்பது மட்டும் இல்லை.

இஃது எத்துணைப் பெரிய துன்பம் என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆடி அமாவாசையன்று தந்தையை நினைந்து கீரிமலையிலே நீராடித் தர்ப்பணஞ் செய்யும் மக்கள் நாம். உடல் கிடையாதபோது தர்ப்பைப் புல்லினால் உருவஞ் செய்தேனும் ஈமக்கடன் முடிப்பது எம் முன்னோர் கண்ட வழி. இறந்தானா, இருக்கின்றானா என்று அறியாத தாய்க்கு அந்த வழியுமில்லை. எமது மண்ணின் போரிற் காணாமற் போனோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்ததை நாம் கண்டோம். அவர்கள் கேட்டது பிள்ளைகளைப் பற்றிய உண்மையையே.

இந்த நோக்கோடு பார்த்தாற்றான், சிதைந்த விமானங்களை உலகத்தார் ஏன் தேடுகின்றனர் என்பது விளங்கும். இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்திலே நிகழ்ந்ததொன்றை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். யுத்த காலத்தில் அமெரிக்க விமானங்கள் அசாமிலிருந்து இமயத்தின் கீழ்க்கோடியைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள் கொண்டு சென்றன. அம்மலைத் தொடருக்கு விமானிகள் இட்ட பட்டப்பெயர் ‘திமில்’. மேகமும் பனியும் பெருங்காற்றும் மலிந்த அவ்வழியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் அழிந்தன. 1944ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமிலுள்ள சபுவாவுக்குப் புறப்பட்ட ‘ஹொட் அஸ் ஹெல்’ என்னும் பி-24 ரக விமானம் எண்மரோடு மறைந்தது.

அறுபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 2006ஆம் ஆண்டு, அரிசோனாவைச் சேர்ந்த கிளேற்றன் கூல்ஸ் என்பவர், ‘ஆதி’ என்னும் மலைவாழ் மக்களின் துணையோடு காடேறி அச்சிதைவைக் கண்டார். அவர் அரசாங்க அதிகாரியல்லர். தம் செலவிலேயே தேடி அலைந்தவர். வழிகாட்டிய மலைமக்களுக்கோ இடம் முன்பே தெரியும். அவர்களைக் கேட்க ஒருவர் வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான். இத்தகைய தேடலிலே உலோகத்தைவிட அதிலுள்ள எண்ணே பெரிது. ஓர் எண் கிடைத்தால் விமானம் எதுவென்பது தெரியும். விமானம் தெரிந்தால் ஏறிய எண்மரின் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். பட்டியலிலிருந்து குடும்பங்களைத் தேடலாம். பல ஆண்டு தாமதத்தின் பின் 2015இல் அமெரிக்கக் குழுவொன்று அங்கே மண்ணை அரித்துத் தேடியது. கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலிற் புதுதில்லியில் மரியாதையோடு ஒப்படைக்கப்பட்டன. மரபணுச் சோதனையினால் றொபேட் ஒக்ஸ்போட் என்னும் இளம் அதிகாரி இனங்காணப்பட்டார். 2017 சூனில், யோர்ஜியா மாநிலத்திலுள்ள கொன்கோட் என்ற தம் சொந்த ஊரில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். எழுபத்துமூன்று ஆண்டுகளின் பின் ஊர் திரும்பினார்!

எனினும் எல்லாச் சிதைவையும் மேலே தூக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில் இருக்கும் ‘ஹேர்மிஸ்’ கப்பலே அதில் மாண்டவர் பலருக்குக் கல்லறை. அதனைக் காணச் செல்லும் சுழியோடிகள் கண்டு வணங்கித் திரும்புதலே முறை. ஓர் ஆணியையேனும் கவர்ந்து வருதல் கல்லறையைத் தோண்டுவதற்கு ஒப்பாகும். பிரித்தானியாவிலே 1986ஆம் ஆண்டுச் சட்டமொன்று, விபத்துக்குள்ளான இராணுவ விமானங்களின் எச்சங்களை அனுமதியின்றித் தொடுவதைத் தடுக்கின்றது. தரையிலும் காட்டிலுங் கிடப்பனவற்றின் கதை வேறு. அவை பழைய இரும்பாக விலைப்பட்டு உருகிப் போகுமானால், எண்ணும் போகும், பெயரும் போகும்.

போரில் மடிந்தவனின் பெயரைக் கல்லிற் பொறித்து நட்டு வழிபட்டது தமிழர் பண்பாடு. தொல்காப்பியர் அதற்கென முறையே வகுத்தார். அக்கல்லை நடுவதற்குமுன் யார், எங்கே, எவ்வாறு வீழ்ந்தான் என்று ஊரார் அறிந்திருந்தனர். மாண்டவன் பிரித்தானியனாயினும் கனேடியனாயினும், சீனன்குடாவில் எரிந்த யப்பானியனாயினும், அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள்.

1942இற் பத்து வயதுப் பிள்ளைகளாய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். எமது தீவுகளிலும் அத்தகையோர் சிலர் இருப்பர். சங்கத்து இளைஞர் ஒரு கொப்பியும் பேனாவுங் கொண்டு அவர்களிடஞ் செல்லலாம். எந்தத் திசையில் விமான இரைச்சல் கேட்டது, கொழும்பிலிருந்து யார் யார் ஓடிவந்தனர், கடலில் எதையேனும் மீனவர் கண்டனரா, கரையொதுங்கிய தகரத்தை யார் எடுத்து என்ன செய்தார் என்றெல்லாம் கேட்டு, சொன்னவரின் பெயரோடும் ஊரோடும் எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டு மலரில் அதற்குச் சில பக்கங்களை ஒதுக்குமாறு மலர்க் குழுவினரை வேண்டுகின்றோம்.