எக்ஸ்-கதிர்ப் படச்சுருளில் சில புள்ளிகள்

1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அருகே அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. இக்கரையில் நின்று பார்க்கும் நமக்குப் புகையில்லா ஆற்றல் என்பது வெறும் அறிவியல் ஆர்வமன்று. குளிர் இணைவின் வரலாற்றை நாம் திரும்பிப் பார்ப்பதும் அதனால்தான்.

நேர்மின்சுமை கொண்ட அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்குபவை. அவை இணைய, சூரியனின் மையத்தில்கூடக் கோடி டிகிரிக்கு மேல் வெப்பம் தேவைப்படுகிறது. ஆனால் கனநீரில் மூழ்கிய பல்லேடியத் தண்டில், அறையின் வெப்பநிலையிலேயே இணைவு நிகழ்வதாக 1989 மார்ச் 23 அன்று யூட்டாவில் ஃப்ளைஷ்மனும் பான்ஸும் அறிவித்தனர்.

மும்பை டிராம்பேயிலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையம் உடனே சோதனைகளில் இறங்கியது. அதன் இயக்குநர் பி.கே. அய்யங்கார் திருநெல்வேலியில் பிறந்தவர். அவரும் எம். சீனிவாசனும் தொகுத்த அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் வந்தது. டிரிட்டியமும் நியூட்ரானும் தென்பட்டதாக அது கூறிற்று. ஆனால் வழக்கமான இணைவில் ஏறக்குறைய சமமாகத் தோன்ற வேண்டிய அவ்விரண்டில், இங்கே கோடி டிரிட்டியத்துக்கு ஒரு நியூட்ரான் என்ற அளவே கிடைத்திருந்தது.

நம்மை அதிகம் நிறுத்துவது மற்றொரு சோதனை. டியூட்டீரியம் ஏற்றிய டைட்டானியத் தகட்டை எக்ஸ்-கதிர்ப் படச்சுருளின்மேல் வைத்தபோது, படம் சீராகக் கருக்கவில்லை. தனித்தனிப் புள்ளிகளே பதிந்தன. அப்படியானால் நிகழ்வது எதுவாயினும் அது உலோகம் முழுவதிலும் அன்று, சில நுண்ணிடங்களில் மட்டுமே என்று கருத இடமுண்டாயிற்று. பின்னாளில் எட்மண்ட் ஸ்டார்ம்ஸ் நானோ அளவு விரிசல்களைச் சுட்டியதும், ஒசாகாவில் யோஷியாகி அராத்தா 2008-இல் பல்லேடிய நானோத்துகள்களைக் கையாண்டதும் இதே திசையிலான முயற்சிகள்.

எனினும் அறிவியல் உலகம் இசையவில்லை. 1989 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, சான்று போதாது என்றது. 2011 பிப்ரவரியில் பதினாறாவது பன்னாட்டுக் குளிர் இணைவு மாநாடு நமது சென்னையிலேயே நடந்தது. 2015-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் இப்பொருள் பற்றிச் சிறப்புப் பகுதி வெளியிட்டது. கூகுள் நிதியில் நடந்த விரிவான ஆய்வோ 2019-இல் எந்தச் சான்றும் கிட்டவில்லை என்றே முடித்தது.

2025-இல் கனடா ஆய்வாளர்கள் பல்லேடியத்தின்மேல் டியூட்டீரிய அயனிகளை வேகமாக மோதவிட்டனர். மின்வேதி முறையில் உலோகத்துக்குள் மேலும் டியூட்டீரியத்தைத் திணித்தபோது இணைவு சராசரியாக 15 விழுக்காடு கூடியது. இது குளிர் இணைவன்று; செலவிட்ட ஆற்றலுக்கு முன் கிடைத்தது அணுவளவே. ஆயினும் உலோகத்தின் உள்நிலை இணைவைப் பாதிக்கும் என்பதற்கு இது சான்று.

ஆசை சான்றாகிவிடாது, சான்றின்மைக்காகக் கேள்வியைக் கைவிட வேண்டியதுமில்லை. அந்தப் புள்ளிகளை வேண்டியபோது, வேண்டிய இடத்தில் தோன்றச் செய்ய இன்றுவரை எவராலும் இயலவில்லை. அது இயலும்வரை, எண்ணூருக்குக் குளிர் இணைவின் பெயரால் எவ்வாக்குறுதியும் அளிக்க நமக்கு உரிமையில்லை.