பொம்மைப் படமும் நட்சத்திர முகமும்: தமிழ் அசைவூட்டப் படங்களின் வரலாறு குறித்து ஒரு மறுபார்வை (1947–2014)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரையுலகில் அசைவூட்டப் படம் 1947ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எனினும் அது தொடர்ச்சியான மரபாக வளரவில்லை. கலைஞர் பற்றாக்குறையும் பொருட்செலவும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை மட்டும் போதிய விளக்கமாகா. திரையரங்க நிகழ்ச்சியில் குறும்படத்திற்கு இருந்த இடம் கைமாறியதும், அசைவூட்டம் நட்சத்திர நடிகரைச் சார்ந்தே நின்றதும் அவற்றினும் முதன்மையான காரணங்கள் என இக்கட்டுரை வாதிடுகிறது. காவிரிப் படுகையின் பாவைக்கூத்து மரபு இவ்வாதத்திற்கு ஒப்பீட்டுத் தளமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், பொம்மலாட்டம், சினிமா கதம்பம், நட்சத்திரம், கோச்சடையான்

முன்னுரை

திருவிடைமருதூர் வட்டாரத்தில் மூத்த தலைமுறையினர் தொலைக்காட்சியில் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனைப் ‘பொம்மைப் படம்’ என்பர். தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கும் சொல்தான் இது. ஆயினும் காவிரிப் படுகையில் இதற்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. திருவிடைமருதூருக்கு அருகிலுள்ள கும்பகோணம் பொம்மலாட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு மணி ஐயர் வழிவந்த குழு இக்கலையைத் தலைமுறை கடந்து நிகழ்த்தி வந்துள்ளது. உயிரற்ற உருவத்தைக் கதைமாந்தராக இயக்கிக் காட்டும் கலை என்ற வகையில், இரண்டையும் ஒரே சொல்லால் இணைத்துக் காணும் மக்கள் வழக்கில் ஒரு வரலாற்றுக் கேள்வி பொதிந்துள்ளது. பொம்மையை அசைக்கும் கலை வளமாக இருந்த மண்ணில், அசையும் பொம்மைப் படம் ஏன் வேரூன்றவில்லை?

பாவை மரபும் திரையும்

தஞ்சாவூர்ப் பகுதியில் இருவகைப் பாவைக்கலைகள் வழங்கின. ஒன்று மரப்பாவைகளைக் கொண்ட பொம்மலாட்டம். மற்றொன்று, பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வரைந்து வெட்டிய வண்ண உருவங்களைத் திரைக்குப் பின்னிருந்து ஒளியில் காட்டும் தோற்பாவை நிழற்கூத்து. இக்கூத்தர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தஞ்சை மராட்டியர் ஆட்சிக்காலத்தோடு (1676–1855) இவர்களது வருகை தொடர்புபடுத்தப்படுகிறது.

ஐரோப்பாவில் நிழலுருவக் கலை திரைப்படத்திற்குள் நேரடியாகவே நுழைந்தது. ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் கருந்தாளில் வெட்டிய உருவங்களை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படமெடுத்து, 1926இல் ‘இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்’ என்னும் முழுநீளப் படத்தை உருவாக்கினார். இந்தியாவில் தாதாசாகேப் பால்கே 1910களிலேயே தீக்குச்சிகளை அசைத்துப் படம் எடுத்தார். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸும் புனேயின் பிரபாத் நிறுவனமும் 1934இல் கார்ட்டூன் குறும்படங்களை வெளியிட்டன. தமிழில் அசைவூட்டத்திற்கான வழி கூத்துக்களத்திலிருந்து திறக்கவில்லை, அச்சிதழிலிருந்து திறந்தது.

இதழிலிருந்து திரைக்கு

சென்னை ஜெமினி ஸ்டூடியோ 1947இல் ‘சினிமா கதம்பம்’ என்னும் கார்ட்டூன் குறும்படத்தைத் தயாரித்தது. இதனை உருவாக்கிய தாணு, ஆனந்த விகடனில் நகைச்சுவைச் சித்திரங்கள் வரைந்தவர். ஜெமினிக்கும் விகடனுக்கும் உரிமையாளர் ஒருவரே: திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ்.வாசன். ஓவியரை இதழ் அலுவலகத்திலிருந்து படப்பிடிப்பு நிலையத்திற்குக் கொண்டுவரும் வாய்ப்பு அன்று இவ்விரு நிறுவனங்களையும் ஒருசேர நடத்தியவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

விகடன் ஓவியர்களுள் காவிரிப் படுகையைச் சேர்ந்தவர் கோபுலு. தஞ்சாவூரில் 1924இல் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். சொற்களே இன்றி, அடுத்தடுத்த கட்டங்களில் ஒரு செயலை வளர்த்துச் சிரிப்பில் முடிக்கும் அவருடைய படத்தொடர்கள் புகழ்பெற்றவை. ஓர் அசைவைப் பகுத்துத் தொடர்நிலைகளாக வரையும் இத்திறன் அசைவூட்டத்தின் அடிப்படைத் திறனுமாகும். ஆகவே, 1940களில் தமிழ்ச் சூழலில் கைத்திறன் இல்லை என்னும் கூற்று ஏற்புடையதன்று.

‘சினிமா கதம்பம்’ திரையுலகையே தனக்குப் பொருளாக்கிக்கொண்டதை அதன் தலைப்பே உணர்த்துகிறது. புதிய கதைமாந்தர் ஒருவரைப் படைத்து நிலைநிறுத்துவது அதன் நோக்கமன்று. பார்வையாளர் முன்பே அறிந்த திரையுலகைக் கோட்டுருவில் காட்டுவதே அதன் கவர்ச்சி. அமெரிக்காவில் 1928இல் அறிமுகமான மிக்கி மவுஸ் எந்த நடிகரின் சாயலும் அன்று; அடுத்தடுத்த படங்களின் வழியே தனக்கெனப் பார்வையாளரை ஈட்டிக்கொண்ட உருவம். தமிழில் அசைவூட்டம் இரவல் கவர்ச்சியோடு தொடங்கியது. இத்தொடக்கம் பின்வந்த படங்களிலும் தடம் பதித்தது.

குறும்படத்தின் இடம் கைமாறிய வரலாறு

ஒலிப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. பத்து நிமிடக் குறும்படத்திற்கு 14,400 பிரேம்கள் தேவை. ஓர் ஓவியத்தை இரு பிரேம்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 நிலைகளை வரைந்தாக வேண்டும். இத்தகைய உழைப்பு ஈடுபெற வேண்டுமெனில் படம் ஒழுங்காகத் திரையிடப்படும் இடமொன்று உறுதியாக வேண்டும். அமெரிக்கத் திரையரங்குகளில் செய்திப்படம், கார்ட்டூன், முதன்மைப் படம் என்ற நிகழ்ச்சி அமைப்பு அவ்விடத்தை நல்கியது. தமிழகத்திலும் 1930, 40களில் முதன்மைப் படத்தோடு நகைச்சுவைத் துணைப்படங்களை இணைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்நிலை மாறியது. அரசு ஏற்பளித்த குறும்படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்ட வேண்டுமென்ற விதி 1943இல் நடைமுறைக்கு வந்தது. அப்படங்களைத் தயாரித்த ‘இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா’ 1946இல் மூடப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது. கட்டாயத் திரையிடலும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ‘சினிமா கதம்பம்’ இவ்விரு ஏற்பாடுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் வெளிவந்துள்ளமை கருதத்தக்கது. தனியார் குறும்படத்திற்கு அரங்கில் இடம் இருந்த காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் முதன்மைப் படத்திற்கு முந்தைய நிமிடங்கள் அரசின் செய்திப்படங்களுக்கு உரியனவாயின. அதன் வாடகையையும் திரையரங்கு உரிமையாளரே செலுத்தினார். மற்றொரு குறும்படத்திற்குப் பணம் தர அவருக்குக் காரணம் இல்லாமற்போனது.

அரசு நிறுவனத்திற்குள் அசைவூட்டம் வளராமலில்லை. பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு 1956இல் பம்பாயில் அமைக்கப்பட்டது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கு பயிற்சியளித்தார். ராம் மோகன் அப்பிரிவில் பயின்று உயர்ந்தார். ஆனால் உருவாக்கம் பம்பாயில் மையம் கொண்டது. தமிழ் அப்படங்களுக்குக் குரலாக மட்டுமே சேர்ந்தது. ஓவியத்தைப் பிற இடத்திலிருந்து பெற்றுத் தமிழ்க் குரலை இணைக்கும் இம்முறை, 2007இல் தொடங்கிய சுட்டி டிவி முதலான சிறுவர் அலைவரிசைகள் வரை நீடிக்கிறது.

நட்சத்திரத்தின் அருகில்

தமிழ் வெகுமக்கள் திரைப்படத்தில் அசைவூட்டம் பெரிய அளவில் மீண்டும் தோன்றியது 1989இல். ஏ.வி.எம். தயாரிப்பில் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’ படத்தின் பாடற்காட்சியில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் வரையப்பட்ட விலங்குகளோடு தோன்றினர். அசைவூட்டப் பணியை மேற்கொண்டவர் ராம் மோகன். பம்பாயில் உருவான திறன் இவ்வாறு சென்னைக்கு வந்து சேர்ந்தது.

இக்காட்சியின் விலங்குகள் எந்த நடிகரின் சாயலும் கொண்டவையல்ல. அவ்வகையில் இது 1947இன் முயற்சியிலிருந்து வேறுபடுகிறது. எனினும் காட்சியின் மையம் நடிகரே. அவர் கதை சொல்கிறார். விலங்குகள் அக்கதைக்கு வடிவம் தருகின்றன. பாடல் முடிந்ததும் அவ்வுருவங்களின் வாழ்வும் முடிந்துவிடுகிறது. அவற்றைத் தனிப்படமாகவோ தொடராகவோ வளர்க்கும் முயற்சி நிகழவில்லை.

கணினிக் காலத்தில் சென்னையே உருவாக்க மையமாயிற்று. பென்டாமீடியா கிராபிக்ஸ் தயாரித்த ‘பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்’, 2000ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலத் திரைப்படமாகத் தேர்வுபெற்றது. விருதுப் பிரிவே நிலைமையைக் காட்டும்: தொழிற்கூடம் சென்னையில், சந்தை வெளியில். இளையராஜா இசையமைத்த ‘இனிமே நாங்கதான்’ 2007இல் தமிழிலேயே முப்பரிமாண அசைவூட்டப் படமாக வந்தது. ஆயினும் அதனைப் பின்பற்றி ஒரு படவரிசை உருவாகவில்லை.

கோச்சடையானும் பொம்மலாட்டக்காரரும்

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’, மோஷன் கேப்சர் எனப்படும் அசைவுப் பதிவு முறையில் உருவானது. நடிகரின் உடலில் பொருத்தப்பட்ட குறிகளின் இயக்கம் பதிவுசெய்யப்பட்டு, கணினியில் உருவாக்கிய உருவத்திற்கு ஏற்றப்படுகிறது. 2009இல் மறைந்த நாகேஷும் இப்படத்தில் கணினி உருவில் இடம்பெற்றார்.

இம்முறையின் அடிப்படை காவிரிப் படுகைக்குப் புதிதன்று. கும்பகோணம் வகைப் பொம்மலாட்டத்தில் கயிறும் கம்பியும் இணைந்து இயங்குகின்றன. பாவையின் கயிறுகள் ஆட்டுபவர் தலையில் அணியும் வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளைக் கம்பிகள் இயக்கும். அவர் தலையசைத்தால் பாவை அசையும்; அவர் அடவு வைத்தால் பாவை ஆடும். மனித உடலின் அசைவை உயிரற்ற உருவத்திற்கு மாற்றும் செயலே இரண்டிலும் நிகழ்கிறது.

வேறுபாடு ஆட்டுபவரின் இடத்தில் உள்ளது. பொம்மலாட்டத்தில் அவர் திரைக்குப் பின் மறைகிறார். அரிச்சந்திரனோ வள்ளியோ மட்டுமே பார்வையாளருக்குத் தெரிகின்றனர். கோச்சடையானில் ஆட்டுபவரின் முகமே பாவைக்கும் முகமாகிறது. இளமைத் தோற்றத்தோடு ரஜினிகாந்தைக் காண்பதும், மறைந்த நாகேஷை மீண்டும் காண்பதும் படத்தின் அறிவிக்கப்பட்ட ஈர்ப்புகள். அதனால் ஒவ்வோர் அசைவும் பார்வையாளர் நினைவிலுள்ள உண்மையான நடிகரோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டது. மரப்பாவையின் விறைப்பை மன்னிக்கும் கண், பழகிய முகத்தின் விறைப்பை மன்னிப்பதில்லை.

முடிவுரை

1947இல் திரையுலகைப் பற்றிய கோட்டுருவம், 1989இல் நட்சத்திரத்தின் துணை, 2014இல் நட்சத்திரத்தின் கணினி உடல் என வெகுமக்கள் திரையரங்கில் தமிழ் அசைவூட்டம் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. தொழில்நுட்பம் மூன்றிலும் வேறு, சார்பு ஒன்றே. திரையரங்கில் குறும்படத்தின் இடம் பறிபோனதால் சொந்தக் கதைமாந்தரைப் பொறுமையாக வளர்க்கும் களம் இல்லாமற்போனது. களமில்லாத கலை முன்பே புகழ்பெற்ற முகங்களை நாடியது.

இவ்வரலாறு கவனம்பெறாமைக்குத் தமிழாய்வுத் துறைக்கும் பொறுப்புண்டு. திரைப்படத்தை வசனமும் பாடலுமாகிய சொற்கலை என்றே பெரிதும் அணுகியமையால், கோட்டாலும் அசைவாலும் பேசும் படங்கள் ஆய்வெல்லைக்கு வெளியே நின்றன. ‘சினிமா கதம்பம்’ வெளிவந்த அதே ஆண்டில் ஜெமினி வெளியிட்ட ‘மிஸ் மாலினி’யின் பிரதியே இன்று கிடைப்பதில்லை. முழுநீளப் படத்திற்கே அந்நிலை எனின், குறும்படங்களின் வரலாற்றை அக்கால இதழ்களின் சித்திரங்கள், விளம்பரங்கள், விமர்சனங்கள் ஆகியவற்றைக் கொண்டே மீட்க வேண்டியிருக்கும். அவ்விதழ்களும் மட்கிவருகின்றன. கும்பகோணம் ஓவிய மரபையும் பொம்மலாட்டக் கலைஞர்களின் இயக்க நுட்பங்களையும் இதழ்ச் சித்திரங்களோடு சேர்த்து ஆவணப்படுத்தும் பணி, காவிரிப் படுகையின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உடனடியாக மேற்கொள்ளத்தக்கது.