அக்பாரும் ஜரீதாவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லி ஜனக்புரியில் எங்கள் தெருவுக்குள், பழைய தாள் வாங்கும் கபாடிக்காரரின் மூன்று சக்கர வண்டி நுழையும். நான் பால்கனியில் நிற்பது தெரிந்தால் குரல் என் பக்கம் திரும்பும்: "அங்கிள்ஜி, ரத்தி ஹை? அக்பார்?" ஒரு மாதத்துத் தாள்களைக் கயிறு போட்டுக் கட்டி இறக்கிக்கொண்டு போவேன். அவர் கட்டைத் தராசுக் கொக்கியில் மாட்டி, முள் ஆடி நிற்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவார்.

அவர் கேட்ட இரண்டு சொற்களுக்கும் வேர் அரபி. 'ரத்' என்றால் தள்ளுதல், திருப்பி அனுப்புதல். தள்ளிவிட்ட தாள் வட இந்தியாவில் 'ரத்தி' ஆயிற்று. அதே சொல் நம் பக்கம் 'ரத்து' என்று வந்து, ரயிலும் தேர்வும் நின்றுபோகும்போதெல்லாம் தலைப்புச் செய்தியில் ஏறுகிறது. அடுத்தது 'அக்பார்'. அரபியில் 'கபர்' ஒரு செய்தி. அதன் பன்மை 'அக்பார்'. டெல்லியில் அந்தப் பன்மை ஒருமையாகி, செய்தித்தாளுக்கே பெயராகிவிட்டது.

இந்தக் 'கபர்' சொல்லின் முதல் ஒலி தொண்டையில் உரசி வரும் ககரம். தமிழில் எழுதினால் புதைகுழியைக் குறிக்கும் 'கபர்' என்ற இன்னொரு அரபிச் சொல்லோடு கலந்துவிடும். அரபியில் இரண்டும் வேறு எழுத்து, வேறு வேர். செய்திக்கான வேருக்கு 'உள்ளதை அறிதல்' என்று பொருள். அறிந்தவன் 'கபீர்', இறைவனின் திருப்பெயர்களில் ஒன்றாகவும் அது வருகிறது. நம் அரபிக் கல்லூரி மாணவர்கள் இலக்கணப் பாடத்தின் தொடக்கத்திலேயே 'முப்ததா, கபர்' என்று படிக்கிறார்கள்: எழுவாய், பயனிலை. கபர் வராமல் வாக்கியம் முடியாது.

அறிவதற்கும் வேவு பார்ப்பதற்கும் நடுவே கோடு மெல்லியது. டெல்லிப் போலீஸ் பேச்சில் 'முக்பிர்' என்றால் துப்புக் கொடுப்பவர். அரபு நாடுகளில் 'முகாபராத்' என்றால் உளவுத்துறை. 'கபர்தார்' தமிழுக்கு மிரட்டலாகவே வந்தது. முகலாயர் காலத்து 'அக்பாராத்' கையெழுத்துச் செய்தி மடல்கள். தர்பாரிலும் மாகாணத்திலும் யார் வந்தார், யாருக்கு என்ன பதவி என்று எழுத்தர்கள் எழுதி அனுப்பியவை. ஔரங்கசீப் காலத்து மடல்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அச்சு வந்தபோது டெல்லி புதுச்சொல் தேடவில்லை. 1830களில் மௌல்வி முகம்மது பாக்கிர் தொடங்கிய 'தில்லி உருது அக்பார்' பழைய பெயரையே சூடிக்கொண்டது. 1857 கிளர்ச்சியை எழுதியதற்காக ஆங்கிலேயர் அவரைக் கொன்றார்கள்.

ஆகவே அரபு நாட்டுக் கடையிலும் 'அக்பார்' கேட்டால் செய்தித்தாள் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். அங்கே அது செய்திகளைத்தான் குறிக்கும். 'அல் அக்பார்' என்ற பெயரில் கெய்ரோவில் 1952 முதல் ஒரு நாளிதழ் வருகிறது. ஆனால் நாளிதழ் என்ற பொருளுக்குப் பொதுச்சொல் 'ஜரீதா'. கபரைக் கொடுத்த மொழி, தன் வீட்டில் வேறு சொல்லைப் புழங்குகிறது.

அந்தச் சொல் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. எகிப்தை ஆண்ட முகம்மது அலி 1828இல் தொடங்கிய அரசு இதழுக்கு 'அல் வகாயி அல் மிஸ்ரிய்யா' என்று பெயர்: எகிப்தின் நிகழ்வுகள். பாரீசில் படித்துத் திரும்பிய ரிஃபாஆ அத்தஹ்தாவி 1834இல் வெளியிட்ட பயண நூலில், அங்கு கண்ட செய்தித்தாள்களை 'ஜுர்னால்', 'காஸித்தா' என்று ஐரோப்பியச் சொற்களாலேயே எழுதினார். பிறகு 'ஸஹீஃபா' வந்தது. ஏட்டின் பக்கம் என்று பொருள். குர்ஆன் பிரதியை நம் வீடுகளில் 'முஸ்ஹஃப்' என்கிறோமே, அதே வேர். இன்று இதழியல் 'ஸிஹாஃபா', இதழாளர் 'ஸஹஃபி'.

'ஜரீதா'வைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அஹ்மத் ஃபாரிஸ் அஷ்ஷித்யாக்கைச் சொல்வார்கள். லெபனானில் பிறந்தவர், 1861இல் இஸ்தான்புல்லில் 'அல் ஜவாயிப்' இதழைத் தொடங்கியவர். அகராதிக்குள் புதையல் தேடும் ஆள். அவர் எடுத்த சொல்லுக்குப் பழைய பொருள், ஓலை கழித்த பேரீச்ச மட்டை. ஜ-ர-த என்ற வேருக்கு உரித்தல், வழித்தல் என்று பொருள். வயலை வழித்துவிட்டுப் போகும் வெட்டுக்கிளிக்கு 'ஜராத்' என்று பெயர். கிளையிலிருந்து ஓலையைக் கழித்தால் வெறும் மட்டை, அதுதான் ஜரீதா. காகிதம் அரிதாயிருந்த காலத்தில் அரபியர் பேரீச்ச மட்டையில் எழுதினார்கள். குர்ஆன் வசனங்கள் முதலில் குறித்து வைக்கப்பட்ட பொருள்களில் மட்டையும் உண்டு. பின்னாளில் கணக்குப் பதிவேட்டுக்கும் அந்தப் பெயர் போயிற்று. பதிவேட்டிலிருந்து செய்தித்தாளுக்கு ஒரே எட்டு.

இங்கே நம் பனைமரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. நாளேடு என்கிறோம், ஏடு பனையோலை. இதழ் பூவின் மடல். பத்திரிகைக்குள் இருக்கும் வடமொழிப் 'பத்ர'மும் இலைதான். ஜனக்புரியிலேயே உள்ள மத்திய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கேட்டால் அதைச் சொல்லிவிடுவார். எழுதிய பொருள் மாறிய பிறகும் எழுத்துக்கு இடம் தந்த மரத்தை மொழிகள் விட்டுவிடவில்லை. அரசாணை அச்சாகும் தாள் தமிழ்நாட்டில் அரசிதழ், எகிப்தில் 'அல் ஜரீதா அர் ரஸ்மிய்யா', இலங்கைத் தமிழில் வர்த்தமானி.

நவீன அரபி இப்படித்தான் பழைய பரணைத் துழாவியது. கிணற்றிலிருந்து யூசுஃப் நபியைத் தூக்கிய வணிகக் கூட்டத்தைக் குர்ஆன் 'ஸய்யாரா' என்கிறது. இன்று அது கார். வரிசையாகக் கட்டிய ஒட்டகங்கள் 'கிதார்', இன்று ரயில். ஆள் தெரியாமல் ஒலிக்கும் குரல் 'ஹாத்திஃப்', இன்று தொலைபேசி. சொல்லாக்கத்துக்கென்று டமாஸ்கஸில் 1919இலும் கெய்ரோவில் 1932இலும் மொழிக்கழகங்கள் பிறந்தன. அவை தந்த எல்லாச் சொற்களும் நிற்கவில்லை. ஹாத்திஃப் என்று எழுதும் கைகளே பேச்சில் 'திலிஃபோன்' என்பதும் உண்டு.

நவீன அரபிக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துத் தோற்ற உராபி பாஷாவை ஆங்கிலேயர் 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். உடன் வந்தவர்களில் ஒருவர் மஹ்மூத் ஸாமி அல் பாரூதி. நவீன அரபிக் கவிதையின் முன்னோடி என்று மதிக்கப்படுபவர். பதினாறு ஆண்டுக்கு மேல் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து, 'ஸரந்தீப்' என்று இலங்கையை அழைத்து ஊர் நினைவைப் பாடினார். கண்டி வழக்கறிஞர் சித்தி லெவ்வை உராபி வருவதற்குச் சற்று முன், 1882இல், 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியிருந்தார். உராபியோடு நட்புக் கொண்ட அவர், 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' என்ற தமிழ் நாவலின் கதையை எகிப்துக்குக் கொண்டுபோனார். சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' தொடங்கியதும் அதே 1882. அரபி தாளுக்கு மரத்தின் பெயரைத் தந்த காலத்தில் தமிழ் தன் தாள்களை நேசன், மித்திரன் என்று தோழமையோடு கூப்பிட்டது.

தாள் வந்ததும் இலக்கியச் சொற்களும் நகர்ந்தன. தமிழ் முஸ்லிம் வீட்டில் 'அதபு' என்றால் பெரியவர் முன் காட்டும் மரியாதை. அதன் பன்மை 'ஆதாப்' டெல்லியில் வணக்கம் ஆயிற்று. கெய்ரோவில் 'அதப்' என்றால் இன்று முதலில் இலக்கியம். நாம் 'ரிவாயத்து' என்றால் நபிமொழி அறிவிப்பு. அங்கே 'ரிவாயா' என்றால் நாவல். கல்கி வார இதழில் 'பொன்னியின் செல்வன்' வளர்ந்ததுபோல, 1988இல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸின் 'நம் தெருப் பிள்ளைகள்' 1959இல் 'அல் அஹ்ராம்' நாளிதழில் தொடராகத்தான் வந்தது. மட்டையின் பெயர் கொண்ட தாளில் நாவல் ஓடியது.

ஒரு சொல்லைக் கண்டெடுக்க ஷித்யாக் ஒருவர் போதும். அதை நிறுத்தி வைத்தவர்கள் தினமும் காசு கொடுத்துத் தாள் வாங்கியவர்கள். கலைச்சொல் குழுக்களுக்குத் தமிழிலும் குறைவில்லை; அவர்கள் தந்த சொல் பிழைத்ததா என்று பார்க்க அகராதியைப் புரட்டிப் பயனில்லை, டீக்கடையில் காது கொடுக்க வேண்டும். 'நாளேடு' நாம் எழுதுகிறோம். கடையில் 'பேப்பர்' கேட்கிறோம். ஜனக்புரியில் என் கட்டுக்குள் இருக்கும் தமிழ்த் தாளும் கபாடிக்காரருக்கு அக்பார்தான். எந்த மொழியானாலும் கிலோவுக்கு ஒரே விலை.