பாடசாலை மாற்றமும் கல்வியடைவும்: ஒரு வரலாற்று நோக்கு

மாணாக்கன் ஒருவன் ஒரு பாடசாலையினின்றும் நீங்கி மற்றொன்றிற் சேர்வது நம் நாட்டில் அன்றாட நிகழ்ச்சியாகும். தந்தையின் உத்தியோக இடமாற்றம், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில், அயற்பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பின்மை, போர் எனக் காரணங்கள் பல. இம்மாற்றம் அவனது கல்வியடைவை உயர்த்துகின்றதா, தாழ்த்துகின்றதா என்னும் வினா கல்வியியலாளரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது.

2009ஆம் ஆண்டில், எண்ணூறுக்கு மேற்பட்ட தொகுப்பாய்வுகளை ஒருங்கு சேர்த்து நூலெழுதிய ஜோன் ஹற்றி, அடைவைப் பாதிக்கும் 138 காரணிகளை நிரற்படுத்தினார். அவற்றுள் இறுதியிடம் பெற்றது பாடசாலை மாற்றமே. அதன் விளைவளவு -0.34 ஆகும். இதற்குக் காரணங் காணுதல் கடினமன்று. கணிதம் போன்ற பாடங்கள் படிமுறையாக வளர்வன. இடையில் ஒரு படி தவறின் அடுத்த படியிற் கால் ஊன்ற இயலாது. மாணவனின் வலுவையும் குறையையும் அறிந்த ஆசிரியர் பின்தங்கிவிடுகின்றார். உடன்பயின்ற தோழரும் பின்தங்கிவிடுகின்றனர். எனினும், சராசரி என்பது வேறுபாடுகளை மறைப்பது. மாறுபவர் யார், எதற்காக மாறுகின்றார், சென்றடையும் பாடசாலை அவரை எவ்வாறு ஏற்கின்றது என்பவற்றை அது கூறாது. அவற்றை அறிய இலங்கையின் கல்வி வரலாறு பெரிதும் துணைபுரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் கிராமப் பாடசாலைகளையும் விடுதிப் பாடசாலைகளையும் நிறுவினர். அவற்றிற் பயின்றோருள் திறமையுடையோர் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரிக்குச் சென்றனர். தெல்லிப்பழையிற் பயின்று வட்டுக்கோட்டைக்கு மாறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். இங்கு பாடசாலை மாற்றம் ஓர் ஏணியின் அடுத்த படியாகவே அமைந்தது. உணவும் உறையுளும் நூலும் ஆசிரியரும் ஆங்கே ஆயத்தமாக இருந்தமையை நாம் மறத்தலாகாது.

இவ்வேணியை நாடளாவியதாக்க முயன்றவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துக் கல்லூரிகள் வசதிபடைத்தோருக்கே உரியனவாயிருந்த நிலையில், நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் தோன்றின. ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அவற்றில் விடுதி வசதியுடன் சேர்க்கப்பட்டனர். தாய்மொழியிற் பயின்ற சிறார் பலருக்கு இம்மாற்றம் கற்கை மொழியின் மாற்றமாகவும் அமைந்தது. அவ்வாறிருந்தும் கமக்காரரின் பிள்ளைகளும் தொழிலாளரின் பிள்ளைகளும் இவ்வழியே பல்கலைக்கழகம் வரை வந்தனர். மாற்றம் அவர்களை வீழ்த்தவில்லை. திட்டமிட்ட வரவேற்பு தாங்கிநின்றது.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. காலப்போக்கில் ஐந்தாந்தரப் பரீட்சை, வறியோருக்கு உதவுவதோடு பெயர்பெற்ற பாடசாலைகளுக்கு மாணவரைத் தெரிவுசெய்யும் கருவியாகவும் மாறிற்று. ஆண்டுதோறும் கிராமத்துப் பாடசாலை தன் சிறந்த மாணவரை இழந்தது. அவர்களைத் தொடர்ந்து, பிள்ளையின் கல்வியில் அக்கறையுள்ள பெற்றோரும் அப்பாடசாலையை விட்டு விலகினர். எஞ்சியோரின் பெறுபேறு தாழ்ந்தது; தாழ்ந்த பெறுபேற்றைக் கண்டு மேலும் பலர் வெளியேறினர். பெரிய கல்லூரியொன்றின் சிறந்த பெறுபேற்றில் எவ்வளவு அதன் கற்பித்தலால் விளைந்தது, எவ்வளவு பிறபாடசாலைகள் வளர்த்துக் கொடுத்த திறமையால் விளைந்தது என வினவுவார் அரியர். மாறிச்சென்ற மாணவனின் அடைவை மட்டும் அளப்பது பாதிக் கணக்கேயாகும்.

மலையகத்தில் நிலைமை வேறு. 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தினரிடமே ஒப்புவித்தன. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளுடன் நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரும், மேற்கொண்டு கற்க விரும்பிய பிள்ளை நகரப் பாடசாலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. புலமைப்பரிசிலாளனுக்கு மாற்றம் பரிசு. தோட்டப் பிள்ளைக்கோ அது நிபந்தனை. நெடுந்தூர நடையும் பயணச் செலவும் பலரை அவ்வாயிலிலேயே திருப்பியனுப்பின. மாறாமையே இங்கு கல்வியின் முடிவாயிற்று.

இவற்றினும் கொடியது வலிந்த மாற்றம். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் வாழிடங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்திற் தஞ்சமடைந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். 2009 வரை வன்னிச் சிறார் ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்துக்கு மீண்டும் மீண்டும் பெயர்ந்தனர். இவர்களோடு பாடசாலைப் பதிவேடும் வரவில்லை, பாடநூலும் வரவில்லை. உள்ளூர் மாணவர் வீடு திரும்பியபின் அதே கட்டடத்தில் மாலை நேர வகுப்புகள் நடந்தன. மரநிழல்களிலும் பாடம் நடந்தது. அத்தகைய சூழலிலும் பரீட்சைக்குத் தோற்றிப் பல்கலைக்கழகம் புகுந்தோர் உளர். அவர்தம் வெற்றியைப் போற்றும் அதே வேளையில், இடைநடுவிற் கல்வியை இழந்தோரின் தொகையை அவ்வெற்றியால் மறைத்தல் நேர்மையாகாது.

ஆகவே, பாடசாலை மாற்றம் தன்னியல்பில் நன்மையுமன்று, தீமையுமன்று. விடுதியும் உதவிப்பணமும் ஆசிரியரின் கவனமும் காத்திருந்த இடத்தில் அது உயர்த்திற்று; அவை இல்லாதவிடத்து வீழ்த்திற்று. இவ்வுண்மையினின்றும் இரு கடமைகள் எழுகின்றன. புதிதாய் வரும் பிள்ளை எதைக் கற்றிருக்கின்றது, எதைத் தவறவிட்டிருக்கின்றது என்பதை முதல் வாரங்களிலேயே கண்டறிந்து இடைவெளியை நிரப்புதல், ஏற்கும் பாடசாலையின் கடமை. எந்தப் பிள்ளையும் நல்ல கல்விக்காகத் தன் ஊர்ப் பாடசாலையை விட்டோட வேண்டாத நிலையை உருவாக்குதல் அரசின் கடமை. கன்னங்கராவின் கனவிற் பாதியையே ஏணி நிறைவேற்றியது. ஏணியின் அடிநிலமும் உறுதியாதல் வேண்டும். நாளை ஆசிரியராகவும் நிருவாகியாகவும் வெளிச்செல்லவிருக்கும் பல்கலைக்கழக மாணவரின் சிந்தனைக்குரியது இதுவே.